ரம்பம் அலறினால் மகிழாதீர்கள்

மரம் அறுக்கும் மெஷின் மக்கர் செய்தால் பலருடைய கை முதலில் போவது கார்புரேட்டர் ஸ்குரூவுக்குத்தான். கால் சுற்று இறுக்கியதும் சத்தம் கூர்மையாகி வேகம் எகிறும். 'சரியாகிவிட்டது' என்று வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் கூர்மையான சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளப் போவதன் முன்னறிவிப்பு.

பழைய பைக்குகளின் கார்புரேட்டரில் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அதன் மட்டத்தை ஒரு மிதவை காக்கும். ரம்பத்தையோ படுக்கவைத்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் மிதவை எடுபடாது என்பதால் இரண்டு மெல்லிய சவ்வுகளை வைத்தார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் அடியறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பில் ஆடும் முதல் சவ்வு பம்ப் மாதிரி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இரண்டாவது சவ்வின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலர் வெஞ்சூரி 1797-இல் விவரித்த விளைவு இது. அந்த இறக்கத்தில் பெட்ரோல் நுண்துளைகள் வழியே உறிஞ்சப்பட, வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளும். சவ்வு ஒரு நெம்புகோலை அமுக்கும், ஊசி வால்வு திறக்கும், போன அளவு பெட்ரோல் மறுபடி வந்து நிறையும். பேட்டரியோ சென்சாரோ இல்லாமல் இத்தனையும் நடக்கிறது.

ஸ்குரூக்கள் வழக்கமாக மூன்று. 'எல்' ஐடிலிலும் குறைந்த வேகத்திலும் போகும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, 'எச்' முழு வேகத்தில். மூன்றாவதற்குப் பெட்ரோலோடு சம்பந்தமில்லை, ஐடிலில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அது முடிவு செய்யும். எல், எச் இரண்டையும் வலப்புறம் திருகினால் பெட்ரோல் குறையும், அதாவது கலவை 'லீன்' ஆகும். இடப்புறம் திருகினால் பெட்ரோல் கூடும், கலவை 'ரிச்' ஆகும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ரம்பத்துக்கு அதைவிடக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைத் தாராளமாகவே கொடுப்பார்கள். காரணம், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை கிடையாது. லிட்டருக்கு 20 மில்லி என்று நாம் ஊற்றும் 2டி ஆயில், பெட்ரோலோடு சேர்ந்துதான் பிஸ்டனைத் தொடுகிறது. எச் ஸ்குரூவை இறுக்கும்போது பெட்ரோல் குறைகிறது, ஆயிலும் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது. நிமிடத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று ஓடும் இன்ஜின் இந்த மூன்று இழப்பையும் சேர்ந்தாற்போல் தாங்காது.

ஆனால் கார்புரேட்டர்மேல் சுமத்தப்படும் பழியில் பாதிக்குமேல் பொய்வழக்கு என்பதே என் எண்ணம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மெஷினின் ஸ்குரூ ராத்திரியில் தானாகத் திரும்புமா? மரத்தூள் அடைத்த ஏர் ஃபில்டர், டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டர், சைலன்சர் வாயில் கரி படிந்த வலை, மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோல் என்று முதலில் பார்க்க வேண்டியவை நிறைய. ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு மெஷின் ஓடினால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஐடிலில் சத்தம் தானாக ஏறி இறங்கினால் இன்டேக் ரப்பரிலோ கிராங்க் சீலிலோ காற்று கசியலாம். அங்கே ஸ்குரூவைத் திருகுவது நோயை மறைக்கும் வேலை.

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பல ரம்பக் கையேடுகள் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய சவ்வுகளைக் கெடுக்கும். தன்னுள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் கலவையையும் சற்று லீன் ஆக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது நல்ல பழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் திருப்புளியை எடுக்கலாம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பாரும் செயினும் மாட்டியிருக்க வேண்டும். எல், எச் இரண்டையும் மெதுவாக இறுக்கி, தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கையேடு சொல்லும் அளவு தளர்த்துங்கள். பல மாடல்களில் அது ஒரு சுற்று. முதலில் எல். ஐடில் அதிகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் தளர்த்தினால் பிக்கப் தடுமாறாது. அடுத்து ஐடில் ஸ்குரூ. கையை எடுத்ததும் செயின் நிற்க வேண்டும். ஐடில் சரியாக இருந்தும் செயின் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

எச் ஸ்குரூவுக்குத்தான் காது வேண்டும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், எரியாத சுற்றுகள் இடையிடையே விழுவதுபோல. மரத்தில் இறங்கியதும் கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே தெளிவாகக் கீச்சிட்டால் லீன், மரத்துக்குள்ளும் கரகரத்தால் ரிச். டாக்கோமீட்டர் இருந்தால் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டவிடாதீர்கள். சோதிக்கும்போதும் ரேஸை ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். சில புதிய ரம்பங்களில் இந்த வேலையை மின்னணுச் சுற்றே பார்த்துக்கொள்கிறது. ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் 2019-இல் வந்த எம்எஸ் 500ஐ மாடலில் கார்புரேட்டரே கிடையாது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான்.

மலைக்கும் சமவெளிக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொண்டையில் உறிஞ்சப்படும் பெட்ரோலோ பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதனால் கோவையில் டியூன் செய்த ரம்பம் மேலே போனால் ரிச் ஆகிவிடும். புகை வரும், சக்தி குறையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். ஊட்டியில் டியூன் செய்து கீழே கொண்டுவருவதுதான் ஆபத்து. அடர்ந்த காற்றில் அதே மெஷின் லீன் ஆகி அலறும், ஓட்டுபவர் அதைத் தெம்பு என்று நினைத்துக்கொள்வார். சில்வர் ஓக் கிளை வெட்டப் போன மெஷின் மலையிறங்கினால், முதல் மரத்தில் வைக்குமுன்னே எச் ஸ்குரூவைக் கொஞ்சம் இடப்புறம் திருப்பிவிட்டு, பிறகு காதால் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும்.