கார்மென்டில் வேறொரு கதிரையும் உண்டு

"கார்மென்ட்" என்றதும் எமது வீடுகளில் நினைவுக்கு வருவது வரிசையாக இருக்கும் தையல் இயந்திரங்களும் விடியற்காலையில் வரும் பஸ்ஸும்தான். அதனால் உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளை "பெஷன் மெர்ச்சண்டைசிங் படிக்கப் போகிறேன்" என்றால், "தைக்கப் பழக கொழும்புக்குப் போகணுமா மகள்?" என்றே உம்மாமார் கேட்பார்கள்.

தையல் வேலை தாழ்ந்ததல்ல. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச ஆரம்பித்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம், கிராமப்புறப் பெண்கள் பலரின் கையில் சம்பளத்தைச் சேர்த்தது. ஆனால், அந்த இயந்திரங்களுக்குரிய ஓடரைப் பேசி எடுத்து, விலை குறித்து, உரிய நாளில் கப்பலேற்றும் வரை கவனிப்பவர் வேறொரு கதிரையில் இருக்கிறார். அவரே மெர்ச்சண்டைசர்.

அவர் செய்யும் வேலை என்ன?

வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒரு ஆடையின் படம், அளவுகள், துணி வகை, தையல் விபரம் எல்லாவற்றையும் அனுப்புவார். மெர்ச்சண்டைசர் அதைப் படித்து, துணி, நூல், பொத்தான், சிப், தையற்கூலி, பொதி செய்தல் என ஒவ்வொன்றுக்கும் செலவு போட்டு விலை சொல்வார். பின்னர் மாதிரி ஆடை தைத்து அனுப்பப்படும். கொள்வனவாளர் சம்மதித்த பிறகே பெருந்தொகையாகத் தைக்கத் தொடங்குவார்கள்.

எமக்குத் தெரிந்த ஆடையையே உதாரணமாக எடுப்போம். 1,000 அபாயாக்களுக்கு ஓடர் வருகிறது. ஒன்றுக்கு மூன்றரை மீற்றர் வீதம் 3,500 மீற்றர் துணி தேவை. வெட்டும்போது 3 சதவீதம் வீணாகும் என்றால், மேலும் 105 மீற்றர் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஏறத்தாழ 30 அபாயாக்கள் குறையும். மறுபடி துணி எடுப்பித்தால் நாட்கள் கடந்துவிடும். கப்பலைத் தவறவிட்டுச் சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், அந்த ஓடரின் இலாபமே போய்விடலாம். கணக்கீட்டுப் பாடத்தில் நாம் படிக்கும் கிரயம் இங்கே உயிரோடு நிற்கிறது.

உலகச் செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கை 2010இல் இழந்து, 2017இல் மீளப் பெற்றது. துணி எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதைப் பொறுத்தும் அந்தச் சலுகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சந்தையின் விருப்பமும் மாறுகிறது. 2017இல் நைக்கி நிறுவனம் விளையாட்டு வீராங்கனைகளுக்காக ஹிஜாப் ஒன்றை அறிமுகம் செய்தது. நாம் அணியும் உடையின் வசதியும் சிரமமும் அறிந்த ஒருத்தி அத்தகைய ஓடரைக் கையாண்டால், அந்த அறிவும் ஒரு தகைமைதான்.

இதற்கு எமது மாவட்டத்திலேயே முன்னோடி உண்டு. அலுவிகாரையில் ஏனா டி சில்வா அமைத்த மாத்தளை மரபுரிமை நிலையத்தில் கிராமத்துப் பெண்கள் பத்திக்கும் எம்பிராய்டரியும் செய்தனர். ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் பத்திக் கூரை ஏனாவின் புகழ்பெற்ற வேலை. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும், அளவு, விலை, தவணை பேசி வாங்குபவரிடம் அதைச் சேர்ப்பிக்க ஒருவர் வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். 2009ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நெசவு மற்றும் ஆடை நிறுவனம் இரத்மலானையில் உள்ளது. அங்கே இத்துறைக்கான பாடநெறிகள் நடைபெறுகின்றன. திறந்த பல்கலைக்கழகத்திலும் நெசவு, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதன் கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருப்பதால், எந்த வகுப்பை அங்கே தொடரலாம், எதற்கு நாவலைக்குப் போக வேண்டும் என்று முதலில் கேட்டறிவது நல்லது.

தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுமுன் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சான்றிதழ் தேசிய தொழிற் தகைமையில் எந்த மட்டம்? (5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம்.) பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? தொழிற்சாலையில் பயிற்சிக்காலம் உண்டா? விளம்பரப் பலகையின் அழகைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

சிரமங்களையும் மறைக்க வேண்டியதில்லை. கொள்வனவாளர் விழித்திருக்கும் நேரத்தில் எமக்கு இரவு. வேலை நீளும் நாட்கள் உண்டு. கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். எல்கடுவ போன்ற ஊரிலிருந்து போகும் பிள்ளைக்குத் தங்குமிடம் தேட வேண்டும். "எங்கே தங்குவாய், எப்படி வருவாய்?" என்று வாப்பா கேட்பது நியாயமே. அதற்குரிய பதிலை விசாரித்து வைத்துக்கொண்டு நாமும் பேசினால், வீட்டில் அது சண்டையாகாமல் ஆலோசனையாகும்.

தோழியரே, வைத்தியர், ஆசிரியர் என்ற இரண்டு கனவுகளோடு எமது பட்டியல் முடிந்துவிட வேண்டியதில்லை. கணக்கும் ஆங்கிலமும் நேரந்தவறாமையும் கைவந்தால், இந்தக் கதிரையும் எமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தையும் கணினியில் எக்ஸலையும் பழகத் தொடங்குவோம். எந்தப் படிப்புக்குப் போனாலும் அவை வீண்போகா, இன்ஷா அல்லாஹ்.

— க.பொ.த. உயர்தர வணிகப் பிரிவு மாணவி, எல்கடுவ