21 தந்திகள் சொல்லும் கதை

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அந்தத் தாத்தாவின் தாத்தா யார்? அவர் பெயர் என்ன? எந்த ஊரில் வாழ்ந்தார்? நம்மில் பலருக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆப்பிரிக்கா ஒரு பெரிய கண்டம். அதன் மேற்குப் பகுதியில் மாலி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடகர்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அவர்கள் வருவார்கள். கல்யாண வீட்டுக்கும் வருவார்கள். அந்தக் குடும்பத்தின் முன்னோர் பெயர்களை வரிசையாகப் பாடுவார்கள். யார் நல்லது செய்தார், யார் வீரத்தோடு நின்றார் என்று சொல்வார்கள். கையில் ஏடு கிடையாது. புத்தகம் கிடையாது. எல்லாம் மனப்பாடம்.

இவர்களுக்கு ஜெலி என்று பெயர்.

ஜெலிகளின் வேலை

பாடுவது மட்டும் ஜெலியின் வேலை அல்ல. இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்தால் ஜெலியைக் கூப்பிடுவார்கள். அவர் நடுவில் நின்று பேசிச் சமாதானம் செய்து வைப்பார்.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு மாலி ஒரு பெரிய பேரரசாக இருந்தது. அதை உருவாக்கிய மன்னர் சுந்தியாதா கெய்தா. சிறு வயதில் அவரால் நடக்க முடியவில்லை. பிறகு எழுந்து நடந்தார். பகைவரை வென்றார். இப்படிச் சொல்கிறது அவரைப் பற்றிய கதைப் பாட்டு. அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் ஜெலிகள்தான். தந்தை பாடினார். மகன் கேட்டான். மகன் பாடினான். பேரன் கேட்டான்.

ஆனால் இந்த வழக்கத்தில் சில கட்டுப்பாடுகளும் இருந்தன. ஜெலி வீட்டில் பிறந்தவர்தான் ஜெலி ஆகலாம். மன்னர் குலத்தில் பிறந்தவர் பாடக் கூடாது. அது அவர்களுக்கு இழுக்கு. ஜெலி வீட்டுப் பெண்கள் பாடலாம். ஆனால் கோரா வாசிப்பது ஆண்களின் வேலை.

கோரா என்றால் என்ன?

கோரா ஒரு தந்தி வாத்தியம். பெரிய சுரைக்குடுக்கையை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதியை எடுத்து, அதன் வாயை மாட்டுத் தோலால் இழுத்து மூடுவார்கள். அதில் ஒரு நீண்ட கம்பைச் செருகுவார்கள். கம்பிலிருந்து தந்திகளை இழுத்துக் கட்டுவார்கள். மொத்தம் 21 தந்திகள். இடது கைக்கு 11. வலது கைக்கு 10.

வாசிப்பவர் கோராவைத் தன் முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்துக்கொள்வார். இரண்டு கைப்பிடிகள் இருக்கும். மூன்று விரல்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தந்தியை மீட்டும். இரண்டு கைகளிலும் சேர்த்து நான்கே விரல்கள்தான் வாசிக்கும். கேட்பவருக்கோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பது போல் இருக்கும்.

முன்பு மான் தோலை மெல்லிய வாராக வெட்டி முறுக்கித் தந்தி செய்தார்கள். இப்போது மீன் பிடிக்கும் நைலான் நரம்பைக் கட்டுகிறார்கள். அது எளிதில் அறுவதில்லை.

தந்தையின் பாட்டு, மகனின் பாட்டு

மாலியின் தலைநகரம் பமாக்கோ. அங்கே 1965-இல் துமானி ஜபாத்தே பிறந்தார். ஜெலி குடும்பம். தந்தை சிதிகி ஜபாத்தே பெயர் பெற்ற கோரா கலைஞர். துமானிக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்தது. ஒரு கால் பலமிழந்தது. ஆனாலும் ஐந்து வயதில் கோராவைக் கையில் எடுத்தார். தந்தை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தரவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டே மகன் கற்றுக்கொண்டார்.

அதுவரை கோரா பெரும்பாலும் பாட்டுக்குத் துணையாக இருந்தது. 1988-இல் துமானி ஓர் இசைத் தொகுப்பு வெளியிட்டார். அதில் பாட்டுக் குரல் இல்லை. வேறு வாத்தியம் இல்லை. தனியே கோரா மட்டும்தான். உலகம் அதைக் கேட்டு வியந்தது.

பக்கத்து வீட்டில் வளர்ந்தவர் பலாக்கே சிசோகோ. அவரும் கோரா கலைஞர். இருவருடைய தந்தையரும் முன்பு சேர்ந்து வாசித்தவர்கள். அந்த இசை 1970-இல் இசைத்தட்டாக வந்தது. ‘பழைய தந்திகள்’ என்று அதற்குப் பெயர். மகன்கள் இருவரும் சேர்ந்து வாசித்த தொகுப்பு 1999-இல் வந்தது. அதற்குப் ‘புதிய பழைய தந்திகள்’ என்று பெயர் வைத்தார்கள். பழையதுதான். ஆனால் புதியது.

2013-இல் இத்தாலி நாட்டின் லம்பெதூசா தீவுக்கு அருகே ஒரு படகு மூழ்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற 360 பேருக்கு மேல் இறந்தார்கள். 2014-இல் துமானி தன் மகனோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். மகனுக்கும் தாத்தாவின் பெயர்தான், சிதிகி. அதில் ஓர் இசைக்கு லம்பெதூசா என்று பெயர் வைத்தார்கள். முன்பு மன்னர்களை நினைக்க வைத்த கோரா, கடலில் இறந்த மக்களை நினைக்க வைத்தது.

துமானி ஜபாத்தே 2024 ஜூலையில் காலமானார். மகன் சிதிகி கோராவைத் தொடர்கிறார்.

பாடக் கூடாதவர் பாடினார்

சாலிப் கெய்தா 1949-இல் மாலியில் பிறந்தார். மன்னர் சுந்தியாதாவின் வழி வந்த குடும்பம். அந்தக் குலத்தவர் பாடக் கூடாது என்பது வழக்கம்.

சாலிப் பிறக்கும்போதே தோலும் முடியும் வெளுத்திருந்தன. உடலில் நிறம் தரும் பொருள் குறைவதால் இப்படி ஆகிறது. இது தொற்று நோய் அல்ல. யாருடைய பாவமும் அல்ல. ஆனால் இப்படிப் பிறந்தவர்களைப் பலர் கெட்ட சகுனம் என்று ஒதுக்கினார்கள்.

சாலிப் ஆசிரியர் ஆக விரும்பினார். கண் பார்வை குறைவு என்று அந்த வேலை கிடைக்கவில்லை. அவர் பாடத் தொடங்கினார். வீட்டார் எதிர்த்தார்கள். அவர் பமாக்கோ நகரத்துக்குப் போனார். அங்கே ரயில் நிலைய ஓட்டலில் பாடும் குழுவில் சேர்ந்தார். ஜெலிகளின் பாட்டு முறையைப் புதிய வாத்தியங்களோடு சேர்த்துப் பாடினார். இன்று ஆப்பிரிக்காவின் பெரிய பாடகர்களில் ஒருவர் அவர். தன்னைப் போல் தோல் வெளுத்துப் பிறந்தவர்களுக்கு உதவ ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

ஒரு பெண்ணின் கையில் கோரா

மாலிக்கு மேற்கே காம்பியா என்ற சிறிய நாடு உள்ளது. அங்கே ஜோபார்த்தே என்று ஒரு ஜெலி குடும்பம். ஜோபார்த்தே, ஜபாத்தே இரண்டும் ஒரே பெயர்தான். மாலியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டனர். காம்பியாவை ஆங்கிலேயர் ஆண்டனர். அவரவர் முறையில் பெயரை எழுதினார்கள். இப்படி ஒரே பெயர் இரண்டாகி விட்டது. பாட்டு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அந்தக் குடும்பத்தில் 1983-இல் பிறந்தவர் சோனா ஜோபார்த்தே. துமானி அவருக்கு உறவினர். நான்கு வயதில் அண்ணனிடம் கோரா கற்கத் தொடங்கினார். பிறகு தந்தையிடம் முறையாகக் கற்றார். ஜெலி குடும்பத்தில் பிறந்து, கோரா வாசிப்பதையே தொழிலாகக் கொண்டு புகழ் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் அதோடு நிற்கவில்லை. 2015-இல் காம்பியாவில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கிறார்கள். கணக்குப் படிக்கிறார்கள். அதோடு தங்கள் நாட்டு இசையும் நடனமும் கற்கிறார்கள். பெண் பிள்ளைகளும் கோரா வாசிக்கிறார்கள்.

எதைக் காப்பது? எதை விடுவது?

இந்த மூவரும் பழைய பாட்டைக் காப்பாற்றினார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே காக்கவில்லை. துமானி கோராவைத் தனியே பேச வைத்தார். குலத்தின் பெயரால் வந்த தடையைச் சாலிப் ஏற்கவில்லை. பெண் என்ற தடையைச் சோனா ஏற்கவில்லை. தடைதான் போனது. பாட்டு போகவில்லை. அதைப் பாடவும் வாசிக்கவும் இன்னும் பலர் வந்தார்கள்.

எழுத்து தெரியாத காலத்திலும் மக்களிடம் அறிவு இருந்தது. அதைப் பாட்டில் கட்டி வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படிப் பாட்டும் கதையும் இருக்கும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். இன்று மாலை அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் தலைமுறையாகத் தொடரும் பாட்டு அல்லது வாத்தியம் எது? இப்போது அதை யார் கற்கிறார்கள்?
2. இன்னார்தான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் அதில் உண்டா? அது தேவையா?
3. உங்கள் முன்னோரில் எத்தனை பேரின் பெயர்களை உங்களால் எழுத முடியும்?