பனி தோண்டிய ஏரிகள்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி நின்று பார்த்தால் சுற்றுவட்டார ஏரிகள் தெரியும். எல்லாம் மழைநீரை மண்கரை போட்டு மறித்தவை. பரப்பு அதிகம், ஆழம் குறைவு. கோடையில் உள்ளே மாடு மேயும்.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி வேறு இனம். அதன் நீர்மட்டம் கடலுக்கு மேல் 183 மீட்டர். ஆழமோ 406 மீட்டர். அடித்தரை கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே கிடக்கிறது. கடலுக்கு ஓடும் ஆறு இந்த ஆழத்தைத் தோண்ட வழியே இல்லை. தோண்டியது பனி.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியை மூடிக் கிடந்த பனிப்பாளம் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் தடிமன். அவ்வளவு பனி தன் கனத்தாலேயே நசுங்கி நகரும். ஆனால் வெறும் பனி பாறையை அறுக்காது. அடியில் உருகும் நீர் வெடிப்புகளில் புகுந்து மறுபடி உறைந்து, பாறையைத் துண்டு துண்டாகப் பெயர்க்கும். பெயர்ந்த கற்கள் பனியில் பதிந்துகொண்டு, உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கும். பின்னாலிருந்து தள்ளும் கனம் இருக்கும்வரை பனி குழியில் இறங்கி எதிர்மேட்டிலும் ஏறிவிடும். ஆற்றால் ஆகாத காரியம் இதுதான். சுப்பீரியரில் அதற்கு வசதியும் இருந்தது: 110 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து உண்டான தாழ்வைத்தான் பனி மேலும் குடைந்தது. பனி பின்வாங்கியபோது உருகிய நீர் பள்ளத்தை நிரப்பியது.

இந்தியாவிலும் இப்படிப் பனி நகர்ந்திருக்கிறது, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது நம் நிலம் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தின் துண்டாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் மென்சேற்றுப் பாறைக்குள் பெரும் பாறாங்கற்கள் புதைந்திருப்பதைக் கண்ட நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும், இது பனியின் வேலை என்று 1856இல் எழுதினார்கள். துணிச்சலான முடிவு, ஆனால் தர்க்கம் எளிது. வேகமான வெள்ளம் சேற்றை அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவான நீருக்குப் பாறாங்கல்லைத் தூக்க வலு இல்லை. பிறகு மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் அருகே, இதே வகைப் படிவுக்கு அடியில் கீறல் விழுந்து மெருகேறிய பாறைத்தளமும் கிடைத்தது.

அந்தப் பாறைகள் படிந்த தால்ச்சேர் பள்ளம் பனியால் மட்டும் ஆனதல்ல. நிலம் உடைந்து இறங்கியதும் உண்டு. வெப்பம் திரும்பியதும் அங்கே சதுப்புக்காடுகள் வளர்ந்து, மடிந்து, நிலக்கரியாயின. அந்த நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்கி, திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது.