திரும்பி வரும் காலிப் பெட்டி

ராத்திரி பத்து மணிக்கு ஊருக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒரு நகருக்கு ஆட்டோ கேட்டுப் பாருங்கள். "ரிட்டர்ன் காலியா வரணும் சார், மேல போட்டுக் குடுங்க" என்பார் டிரைவர். முணுமுணுத்துக்கொண்டே கொடுப்போம். நாம் போகும் தூரத்துக்கு மட்டுமில்லை, நாம் இல்லாமல் அவர் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

தீவுகளுக்குக் கப்பலில் சரக்கு போகும் விதத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். கப்பலின் அளவு, துறைமுகத்தின் ஆழம், சட்டம், எரிபொருள் விலை என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் இந்த ஆட்டோக்காரரிடமே வந்து நின்றேன். இதைப் புரிந்துகொள்ள ஹவாய் மாதிரி நல்ல உதாரணம் கிடையாது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்திலிருந்து ஹொனலுலு சுமார் 3,900 கிலோமீட்டர். கப்பலுக்கு ஐந்து நாள் பயணம். நடுவில் ஒரு திட்டுகூட இல்லை, தண்ணீர்தான். அங்கே விற்கும் பொருள்களில் பத்துக்கு எட்டு வெளியிலிருந்து வருகிறது. வருவதில் ஏறக்குறைய எல்லாமே கடல் வழிதான்.

முதலில் 'ஃபுல் கண்டெய்னர்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சரக்கை இரண்டு விதமாக அனுப்பலாம். கொஞ்சமாக இருந்தால், வேறு பலருடைய சரக்கோடு ஒரே பெட்டியில் சேர்த்து ஏற்றுவார்கள். நாம் அடைக்கும் இடத்துக்கு ஏற்பக் காசு. பெட்டி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், இறங்கும் ஊரில் பிரித்து அடுக்க வேண்டும், நாலு பேர் கை பட வேண்டும். இன்னொரு வழி, பெட்டி முழுவதையும் நாமே எடுத்துக்கொள்வது. நம் குடோனில் ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் வைத்தால் சேர வேண்டிய இடத்தில்தான் உடைப்பார்கள். இதில் நாம் காசு கொடுப்பது சரக்குக்கு அல்ல, பெட்டிக்கு. பாதிதான் நிரப்பினோம் என்றாலும் அதே காசுதான். காற்றை ஏற்றி அனுப்பினால் காற்றுக்கும் கட்டணம்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 அடிப் பெட்டிக்குள் சுமார் 67 கன மீட்டர் இடம் இருக்கும். கட்டணம் 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையான கட்டணம் அல்ல, கணக்குக்காக நான் வைத்த எண்). சாலை எடை வரம்புக்குள் 20 டன் அரிசி ஏற்றினால் கிலோவுக்கு 30 சென்ட். சரி, தாங்கலாம். அதே பெட்டியில் இரட்டைக் கட்டிலுக்கான மெத்தை ஏற்றுங்கள். ஒரு மெத்தை கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் அடைக்கும். இண்டு இடுக்கெல்லாம் கழித்தால் 60 மெத்தைதான் போகும். மெத்தைக்கு 100 டாலர் கப்பல் செலவு! அதையே காற்றை உறிஞ்சிப் பாய் மாதிரி சுருட்டிக் கட்டினால் இருநூறுக்கு மேல் போகும், செலவு 30 டாலருக்குக் கீழே இறங்கிவிடும். தீவுக்குச் சரக்கு அனுப்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எடையையோ விலையையோ அல்ல, பொருளுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைத்தான்.

இதெல்லாம் போகும் வழிக் கணக்கு. திரும்பும் வழிக்கு வருவோம்.

ஹவாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் அந்தத் தீவுகள் அனுப்பிக்கொண்டே இருந்தன. சர்க்கரை, அதற்கப்புறம் டின்னில் அடைத்த அன்னாசி. மேட்சன் என்ற கப்பல் நிறுவனம் ரொம்ப காலம் அந்தத் தோட்ட முதலாளிகளின் நிறுவனங்கள் கையில்தான் இருந்தது. தோட்டமும் அவர்களுடையது, கப்பலும் அவர்களுடையது. 1950களில் துறைமுகச் செலவு எகிறியபோது, மேட்சன் ஃபாஸ்டர் வெல்டன் என்ற ஆராய்ச்சியாளரை வேலைக்கு எடுத்தது. பெட்டி எந்த நீளத்தில் இருந்தால் ஹவாய் வியாபாரத்துக்குச் சரிப்படும் என்று அவருடைய குழு கணக்குப் போட்டுப் பார்த்து, 24 அடி என்று முடிவு செய்தது. கலிஃபோர்னியா சாலை விதிப்படி ஒரு லாரி 24 அடிப் பெட்டி இரண்டை இழுக்கலாம் என்பது ஒரு காரணம். 1958 ஆகஸ்ட் 31 அன்று 'ஹவாயியன் மெர்ச்சன்ட்' என்ற கப்பல், மேல்தளத்தில் 20 பெட்டிகளோடு சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கிளம்பியது. பசிபிக்கில் கண்டெய்னர் காலம் தொடங்கியது இப்படித்தான்.

அந்தப் பெட்டிகளுக்குத் திரும்பும் வழியிலும் வேலை இருந்தது. மளிகையும் துணியும் இறக்கிய பெட்டியில் அன்னாசி டின்னை ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பலாம். ஆட்டோக்காரருக்கு ரிட்டர்ன் சவாரி கிடைத்த மாதிரி.

பிறகு அன்னாசி வேறு நாடுகளில் மலிவாக விளைய ஆரம்பித்தது. ஹொனலுலுவில் டோல் நிறுவனத்தின் டின் ஆலை 1991இல் மூடப்பட்டது. மாவி தீவில் இருந்த கடைசி அன்னாசி டின் ஆலை 2007இல் நின்றது. 2016 கடைசியில் மாவியின் கடைசிக் கரும்புத் தோட்டமும் முடிந்துபோனது. இவை வேளாண்மைச் செய்திகளாகத்தான் பத்திரிகையில் வந்தன. என் பார்வையில் இவை கப்பல் கட்டணச் செய்திகள். அனுப்ப ஒன்றுமில்லை என்று ஆனவுடன், வருகிற ஒவ்வொரு பெட்டியும் காலியாகத் திரும்பும் செலவையும் தலையில் சுமந்துகொண்டே வர வேண்டியதாகிவிட்டது. இப்போது திரும்பிப் போவது பழைய கார்கள், இடம் மாறும் ராணுவக் குடும்பங்களின் வீட்டுச் சாமான் மாதிரி கொஞ்சம்தான்.

மேட்சன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. காலியாகத் திரும்புவதற்குப் பதில், திரும்பாமலே மேற்கே போய்விட்டால்? 2006இல் தொடங்கிய பாதையில் கப்பல் லாங் பீச்சில் கிளம்பும். ஹொனலுலுவில் ஹவாய் சரக்கை இறக்கும். அடுத்து குவாம் தீவு. அதுவும் அமெரிக்க ஆட்சிப்பகுதிதான். அங்கே மிச்சத்தை இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு சீனாவுக்குப் போகும். நிங்போ, ஷாங்காய் துறைமுகங்களில் நிரப்பிக்கொண்டு பசிபிக்கைக் குறுக்கே கடந்து நேராக லாங் பீச். ஹவாய் கொடுக்காத ரிட்டர்ன் சவாரியைச் சீனா கொடுக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஷாங்காயில் ஏறும் பெட்டிகளில் ஹொனலுலு கடைக்குப் போக வேண்டியதும் இருக்கலாம். கப்பல் திரும்பும் வழியில் ஹவாயில் நிற்காது. ஆகவே அந்தச் சரக்கு தீவைத் தாண்டிக் கலிஃபோர்னியா போய், அங்கே இன்னொரு கப்பல் ஏறி மறுபடி ஹவாய் வர வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். கணக்கில் பார்த்தால் சரி. ஒரு தீவுக்காகப் பெரிய கப்பலை நிறுத்துவது என்றால் அங்கே இறக்கவும் ஏற்றவும் போதுமான பெட்டி வேண்டும்.

ஹவாய் விலைவாசி பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருவது ஜோன்ஸ் சட்டம். 1920இல் வந்த சட்டம் அது. ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கர் சொத்தாக, அமெரிக்க மாலுமிகள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கப்பல் கட்டுவது ஆசியாவைவிடப் பல மடங்கு செலவு. மேட்சன் ஃபிலடெல்ஃபியாவில் கட்டிய இரண்டு கப்பல்களுக்கு ஒப்பந்த விலை 418 மில்லியன் டாலர், ஒவ்வொன்றும் சுமார் 3,600 இருபதடிப் பெட்டி கொள்ளும். பெருநிலத்திலிருந்து ஹவாய்க்கு முறையாகப் பெட்டி ஓட்டுவதும் மேட்சன், பாஷா என்று இரண்டே நிறுவனங்கள். ஆகவே கோபம் நியாயம்தான். சட்டத்தால் பெரிய நஷ்டம் என்று ஒரு ஆய்வு சொல்லும், ஒன்றுமே இல்லை என்று கப்பல் தரப்பு ஆய்வு சொல்லும்.

நான் சட்டத்தை எதிர்ப்பவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு விலை இறங்கும் என்று நம்பவில்லை. நாளைக்கே சட்டத்தை எடுத்துவிட்டு, கொரியாவில் கட்டிய மலிவுக் கப்பலை விட்டாலும் அதுவும் ஹொனலுலுவிலிருந்து காலிப் பெட்டிகளைத்தானே தூக்கிக்கொண்டு போகும்? டிரைவர் மாறினாலும் ரிட்டர்ன் சவாரி இல்லை.

இதுவரை சொன்னது ஹொனலுலு கதை, அதாவது ஓவாஹு தீவு. மற்ற தீவுகளுக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. ஹொனலுலுவில் இறங்கிய பெட்டி, இழுவைக் கப்பல் இழுத்துப்போகும் பார்ஜ் எனப்படும் தட்டைப் படகில் ஏறி ஹிலோவுக்கோ கஹுலூய்க்கோ போகும். பெரிய தீவுகளுக்கு மேட்சனிடமே பார்ஜ் உண்டு. சுமார் 7,000 பேர் வாழும் மொலோக்காய், 3,000 பேர் வாழும் லானாய் போன்றவற்றுக்கு, 1900இல் தொடங்கிய யங் பிரதர்ஸ் நிறுவனம்தான் கதி. பார்ஜ் வாரத்துக்கு ஓரிரு முறைதான். அன்று தவறினால் அடுத்த தடவைதான்.

முழுப் பெட்டியின் அருமை இங்கேதான் தெரியும். ஓக்லண்டில் சீல் வைத்த பெட்டியை ஹொனலுலுவில் திறக்காமலே பார்ஜில் ஏற்றிவிடலாம். பலர் சரக்கைச் சேர்த்த பெட்டி என்றால் அங்கே பிரித்து, அடுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் மொலோக்காயில் கடை வைத்திருப்பவர் 67 கன மீட்டருக்கு எதை வாங்கி நிரப்புவார்? வைக்க இடமும் இல்லை, அவ்வளவு விற்கவும் விற்காது. பெட்டியைத் துறைமுகத்தில் போட்டுவைத்தால் இலவச நாள் முடிந்ததும் டெமரேஜ் ஏற ஆரம்பிக்கும். யாருக்கு அதிகம் உபயோகமோ அவரால்தான் அதை வாங்க முடியவில்லை.

2020இல் கொரோனாவால் சரக்கு குறைந்தபோது யங் பிரதர்ஸ் தாக்குப்பிடிக்க முடியாமல் மாநில அரசிடம் போய் நின்றது. ஒழுங்குமுறை ஆணையம் ஆகஸ்டில் 46 சதவீத அவசரக் கட்டண உயர்வுக்கு அனுமதி கொடுத்தது. ஊரே வேலை இழந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. சரக்கு குறைந்தால் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் சரக்கு இன்னும் குறையும். பார்ஜ் நின்றால் தீவே நின்றுவிடும் என்பதால் ஆணையத்துக்கும் வேறு வழி தெரியவில்லை போல.

நின்றால் என்ன ஆகும் என்பது ஹவாய்க்காரர்களுக்குத் தெரியும். 1949இல் துறைமுகத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 6 மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கூலி மணிக்கு 1.40 டாலர், அதே மாதிரி வேலைக்கு மேற்குக் கரைத் தொழிலாளிக்கு 1.82. கேட்டது 32 சென்ட் உயர்வு. 1971இல் மேற்குக் கரைத் துறைமுகங்களில் 134 நாள் வேலைநிறுத்தம், கப்பல் வரவில்லை. இன்றும் புயல், வேலைநிறுத்தம் என்று வதந்தி கிளம்பினால் ஹொனலுலு கடைகளில் முதலில் காலியாவது அரிசியும் டாய்லெட் பேப்பரும்தான். மாநிலப் பேரிடர் துறை வீட்டில் 14 நாளுக்கான சாமான் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

குறிப்புகளைத் தேடும்போது கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹவாய் பெரிய தீவில் நல்ல மேய்ச்சல் நிலம் உண்டு, மாடும் உண்டு. மாட்டைக் கொழுக்க வைக்கத் தானியம் வேண்டும், அதை முழுப் பெட்டி கணக்கில் கப்பலில் இறக்கினால் கட்டுப்படியாகாது. அதனால் கன்றுகளில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கென்றே காற்றோட்டத்தோடு அடுக்கடுக்காகச் செய்த கண்டெய்னர் இருக்கிறது. கன்று அங்கே வளர்ந்து, கறியாகி, குளிர்பெட்டியில் ஹொனலுலு கடைக்கு வரலாம். தீவிலிருந்து நிரம்பிப் போகும் சில பெட்டிகளில் அது ஒன்று. அது மட்டும் தீவுக்கு வரும்போது காலி.