கேளாமல் எடுக்கும் படங்கள்

ஏறாவூர்க் கடைத்தெருவில் நடந்து போகும் ஒருவரைக் காலை முதல் மாலை வரை எத்தனையோ கண்கள் பார்க்கின்றன. அவர் யாருடைய மகன், எந்தக் குடி, எவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறார் என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பார்ப்பவர்களையும் அவருக்குத் தெரியும். ஊர்க்கண் கடுமையானதுதான்; ஆயினும், தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டவரின் வாசலில் மறுநாள் போய் நின்று நியாயம் கேட்கலாம். மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடாவுக்குப் போகும் உல்லாசப் பிரயாணி ஒருவர், வழியில் புன்னைக்குடாக் கரையில் வலை இழுப்பவர்களையோ, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடக்கும் பெண்ணையோ வாகன ஜன்னலிலிருந்து படம் பிடித்துக்கொண்டு போய்விடும்போது, அந்தப் பரஸ்பரம் அறுந்துபோகிறது. அவள் இன்னாள் என்று அறியாத ஆயிரமாயிரம் பேர் அவளைப் பார்க்கப்போகிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அவள் ஒரு வார்த்தை பேச முடியாது. பொது இடத்தில் நிற்பவருக்கு அந்தரங்கம் ஏது என்று கேட்பவர்கள் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

இது இன்று தோன்றிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே முதலிய கொழும்பு நிழற்பட ஸ்தாபனங்கள் இத்தீவின் மனிதர்களை நிறுத்திவைத்துப் படமெடுத்து, அவரவர் பெயரை விட்டு இனப்பெயரை மட்டும் பொறித்துக் கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு விற்றன. 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமான ஜூலியா மார்கரெட் கமரோன், இங்கிலாந்தில் தாம் எடுத்த டெனிசன், டார்வின் படங்களைப் பெயரோடு உலகுக்குத் தந்தவர். இங்கே அவர் எடுத்த உழைப்பாளிகளில் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது.

நம் கரையோரத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று நிதானமாக நினைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளில் தப்பிய கைக்குழந்தை ஒன்று, கல்முனை ஆதார வைத்தியசாலையில் அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்டது. பெற்றோரைத் தேடும் குழந்தையின் முகத்தைப் பத்திரிகையில் வெளியிடுவது தர்மமே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்காகப் போட்டியிடுவதாகச் செய்தி பரவியதும், உலகத்துக் கமெராக்கள் அத்தனையும் அவ்வைத்தியசாலையை மொய்த்தன. நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றவர்களோ ஒரே தம்பதியர். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று நிரூபித்தது. அடுத்த மாதமே அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவர்களை நியூயோர்க்குக்கு அழைத்துக் காட்சிப்படுத்தியது. போய்வந்தவர்கள் பெரும்பணம் கொண்டுவந்திருப்பார்கள் என்ற பேச்சினால் நிவாரணமும் அயலவர் அன்பும் தமக்குக் கிட்டாமற்போயின என்று அக்குடும்பமே பின்னர் வருந்திச் சொல்லிற்று. அந்தக் குழந்தை வளர்ந்து பாடசாலைக்குச் சென்றபோதும், சகமாணவர்கள் அந்த எண்ணைச் சொல்லியே கேலி செய்தார்கள். எண்ணைத் தந்தது வைத்தியசாலையாக இருக்கலாம். அதை ஒரு மனிதனின் ஆயுட்கால அடையாளமாக்கியவை படங்களே.

அதே கடற்கோளுக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் விழுந்து கதறும் பெண் ஒருத்தி. இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அந்த நிலையில் இருப்பவளிடம் யார்தான் சம்மதம் கேட்க முடியும்? இறந்தவரின் முகத்தைக் காட்டாது விட்ட அந்த மரியாதையை நான் மெச்சுகிறேன்; ஆயினும், தன் துயரம் உலகெங்கும் மாட்டப்படுவதைப் பற்றி அப்பெண்ணின் மனம் என்ன நினைக்கும் என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் அதிகம் உதவாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கெனத் தனி உறுப்புரை இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் மாத்திரம் கையாளும் தகவல்களைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை அடுத்து, தேடப்படுவோர் பட்டியலில் சம்பந்தமேயில்லாத அமெரிக்க முஸ்லிம் பெண்ணொருத்தியின் படத்தைப் பொலிஸாரே தவறுதலாக வெளியிட்டுப் பின் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் அந்த முகம் எங்கெங்கோ போய்விட்டது.

பிரயாணிகளையும் பொலிஸாரையும் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வெள்ளம் வந்த காலங்களிலும் நோன்பு மாதத்திலும் உலருணவுப் பொதி வழங்குபவர்கள், வாங்கும் விதவைத் தாயைக் கமெராவை நோக்கி நிற்கவைத்து, பொதியில் இருவர் கையும் படும்படி படமெடுத்து முகநூலில் இடுவதை நாம் ஆட்சேபிப்பதேயில்லை. அடுப்பெரியாத வீட்டுக்காரி, படம் வேண்டாம் என்று சொல்லிப் பொதியை இழக்க மாட்டாள். ஆகவே அவள் மௌனத்தைச் சம்மதமென்று கொள்வது பெரும் அநீதி. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாயின் கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, பெற்றவர்களின் கையொப்பப் பட்டியல் இருக்கிறது, மண்டபத்தில் பொதிகளை அடுக்கிவைத்து எடுத்த படமும் போதும். வருகிற நோன்பு மாதத்திலிருந்தாவது பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் சங்கங்களும் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டுமென்று வேண்டுகிறேன்.