இடமும் காலமும் நடுங்குகின்றனவா?

மாலை வேளையில் வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையருகே நின்று நோக்குவோர்க்கு, அடிவானத்துக் கடல் கண்ணாடித் தகடு போலத் தோன்றும். காலடியிலோ அது அலையும் நுரையுமாய்க் கொந்தளித்துக்கொண்டிருக்கும். இடமும் காலமுங்கூட இத்தன்மையனவே என்று 1955ஆம் ஆண்டிற் கருத்துரைத்தார் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஜோன் வீலர்.

ஐன்ஸ்டைன் 1915இல் வகுத்த கொள்கையின்படி இடமும் காலமும் ஒழுங்கான தொடர்பரப்பாகும். குவாண்டம் கொள்கையோ, மிக நுண்ணிய அளவில் எதுவும் அசைவற்றிருத்தல் இயலாது என்கின்றது. இவ்விரு கொள்கைகளையும் இணைக்கும் வழி இன்றும் அகப்படவில்லை. அந்த நுரையின் அறிகுறியை அறிஞர் தேடுவது இதனாலேயே.

தேடல் எளிதன்று. ஒன்றுக்குப் பின் 35 பூச்சியங்கள் இட்ட எண்ணால் ஒரு மீற்றரை வகுத்தால் வருவதே, ஏறக்குறைய, அந்நுரையின் பருமன். எந்த நுணுக்குக்காட்டியும் அதனைக் காட்டாது. ஆயினும், ஒளி செல்லும் பாதை நெடுகிலும் இந்நடுக்கங்கள் ஒன்றுசேர்ந்து அளக்கத்தக்கனவாதல் கூடும் எனச் சிலர் கருதுகின்றனர்.

இதனை அறிய, ஓர் இலேசர்க் கதிரை இரண்டாகப் பிரித்துச் செங்கோணமாய் அமைந்த இரு பாதைகளிற் செலுத்துவர். கண்ணாடிகளால் திருப்பி மீண்டும் ஒன்றுசேர்ப்பர். பாதையின் நீளம் அணுவின் பருமனிலும் எத்தனையோ மடங்கு குறைவாக மாறினும், சேர்ந்த ஒளியின் பிரகாசம் மாறும். ஆனால் கருவிக்கும் தனக்கென ஓர் இரைச்சல் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?

வெள்ளவத்தையில் ஒன்றும் கொட்டாஞ்சேனையில் ஒன்றுமாக இரு வானொலிப் பெட்டிகள் இரைகின்றன என்று கொள்க. ஒவ்வொன்றின் உள்ளே பிறக்கும் இரைச்சலும் அதற்கே உரியது. ஒரே கணத்தில் ஒரே இரைச்சல் இரண்டிலும் எழுமாயின், அது பெட்டிக்கு வெளியிலிருந்து வந்ததாகும்.

சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள பேர்மி ஆய்வுகூடத்தில் இம்முறையே கையாளப்பட்டது. 40 மீற்றர் நீளக் கைகளையுடைய இரு கருவிகள் அருகருகே அமைக்கப்பட்டன. கிரெய்க் ஹோகன் எதிர்பார்த்த வகை நடுக்கம் அவற்றிற் காணப்படவில்லை என 2015இல் முடிவு வெளிவந்தது. ஒரு கருத்து வீழ்ந்தது, தேடல் ஓயவில்லை. பிரித்தானியாவின் காடிஃப் பல்கலைக்கழகத்தில் மற்றோர் இரட்டைக் கருவி எழுந்தது. எவ்வகை நடுக்கம் கருவியில் எவ்வகைச் சுவட்டைப் பதிக்கும் என்பதை, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஷர்மிளா, வாரிக் பல்கலைக்கழகத்து அனிமேஷ் தத்தா முதலியோருடன் கூடிக் கணித்து வகுத்துள்ளார். தேடுவோர்க்கு இனி அடையாளம் தெரியும்.

வானொலி கேட்போர் இரைச்சலை விலக்கிப் பாட்டைத் தேடுவர். இவ்வறிஞரோ, அனைத்தையும் விலக்கிய பின் எஞ்சும் இரைச்சலுக்கே செவிசாய்த்திருக்கின்றனர்.