உண்டும் மெலியும் பூனை: தைராய்டு மிகைச்சுரப்பைக் கண்டறிதல்

புலாவ் செபாங் வட்டாரத்தில், தோட்டப்புறமாயினும் பட்டணமாயினும், வீட்டுப் பூனையின் நலத்தை உசாவினால் பெரும்பாலும் "நன்றாகச் சாப்பிடுகிறது" என்னும் மறுமொழியே கிடைக்கும். பசியை உடல்நலத்தின் அடையாளமாகக் கொள்வது நம் வழக்கு. ஆயினும், முதிய பூனைகளுக்கு வரும் ஒரு நோய் இவ்வழக்கைப் பொய்யாக்குகிறது. அதுவே தைராய்டு மிகைச்சுரப்பு.

தைராய்டு, கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் அமைந்த சுரப்பியாகும். கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்ததால், தமிழில் கேடயச் சுரப்பி என்றும் வழங்குவர். அது சுரக்கும் தைராக்சின், உடல் உணவை ஆற்றலாக மாற்றும் வேகத்தை நெறிப்படுத்துகிறது. சுரப்பு மிகுந்தால் உட்கொள்வதைவிட விரைவாக உடல் எரித்துத் தீர்க்கும். பூனை உண்டும் மெலியும். இதற்குக் காரணம் பெரும்பாலும் தீங்கற்ற கட்டியே, புற்றுநோய் அரிது.

1979, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர்கள் இதனைப் பூனைகளுக்குரிய தனி நோயாக விவரித்தனர். இது மேலை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2009இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வொன்றில், 10 வயதும் அதற்கு மேலுமான பூனைகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினவற்றுக்கு இந்நோய் காணப்பட்டது.

நோயறிதல் வீட்டாரின் கண்ணில் தொடங்குகிறது. எடை குறைதல், மிகு பசி, மிகு தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, அமைதியின்மை, சீர்குலைந்த உரோமம் ஆகியன அறிகுறிகள். நீரிழிவு, சிறுநீரக நோய், குடல் நோய் ஆகியவற்றிலும் இவற்றுட் சில தோன்றும். ஆதலின் மருத்துவர் இதயத் துடிப்பைக் கேட்டு, கழுத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்ப்பார். இயல்பான சுரப்பி விரலுக்குத் தட்டுப்படாது. வீங்கியதோ சிறு முடிச்சாகத் தட்டுப்படும், சில வேளைகளில் மார்புப் பக்கம் சரிந்தும் இருக்கும்.

அடுத்தது குருதிச் சோதனை. தைராக்சின் அளவு தெளிவாக மிகுந்து, அறிகுறிகளும் பொருந்தினால் நோய் உறுதியாகும். ஆனால் நோயுற்ற பூனைகளுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினவற்றுக்கு அளவு இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கலாம். நோய் தொடக்க நிலையில் இருப்பதோ, வேறொரு நோய் உடனிருந்து அளவைத் தாழ்த்துவதோ இதற்குக் காரணம். எனவே, ஐயம் நீடித்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பர். குருதியில் கட்டுறாத தைராக்சினையும் சோதிப்பர். ஓர் எண் மட்டும் தீர்ப்பாகாது.

இன்னொன்றும் உண்டு. மிகைச்சுரப்பு சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் கூட்டுவதால், அங்குள்ள குறை வெளித்தெரியாது மறையும். சிகிச்சைக்குப் பின்னரே வெளிப்படும். ஆகவே சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் உடன் ஆராய்தல் முறை. மாத்திரை, அறுவை, கதிரியக்க அயோடின் எனச் சிகிச்சைகள் உள்ளன. கவனியாது விட்டால் இதயம் தளரும்.

மாணவர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பூனையை ஏந்தி எடைக்கருவியில் நின்று, பின் தனியே நின்று, வேறுபாட்டை மாதந்தோறும் குறித்து வருக. 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் இழந்தால், அது தன் உடலில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது. "வயதாகிவிட்டது" என்று அதனைத் தள்ளிவிடாது, குறிப்பேட்டுடன் கால்நடை மருத்துவரை நாடுக. பேச இயலாத உயிருக்காக அக்குறிப்பேடு பேசும்.